ஒடியா இலக்கியம்: வங்கத்தோடு நின்றுவிடுகிறோமே, ஏன்?

கருவேலன்:
பகீர் மோகன் சேனாபதியின் 'ச மாண ஆட்ட குண்ட' நாவலை ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்து முடித்தேன். இதைப் பற்றி யாரிடமாவது பேசியே ஆக வேண்டும் போலிருக்கிறது. 1897-லிருந்து 1899 வரை 'உத்கள சாகித்ய' இதழில் தொடராக வந்து, 1902-ல் புத்தகமான நாவல். கதை என்னவோ எளிதுதான். ராமச்சந்திர மங்கராஜ் என்ற ஜமீன்தாருக்கு, பகியா, சாரியா என்ற நெசவாளத் தம்பதியின் ஆறு மாணம் எட்டு குண்டம் (இரண்டும் அங்கத்து நில அளவுகள்) நிலத்தின் மேல் கண். அவன் வீட்டில் இருக்கும் சம்பா என்பவள் பிள்ளையில்லாத சாரியாவிடம் போய், ஊர் அம்மனுக்குக் கோயில் கட்டினால் வயிறு திறக்கும் என்று ஆசை காட்டுகிறாள். கோயிலுக்காக நிலம் அடமானம் போகிறது. பிறகு திரும்பவே இல்லை.

என்னை அசர வைத்தது கதையைச் சொல்லும் குரல். மங்கராஜ் பரம பக்தன், ஏகாதசிதோறும் தண்ணீரும் துளசியும்தான் என்று ஆரம்பிக்கிறார் கதைசொல்லி. ஆனால் ஏகாதசி இரவில் எஜமானின் படுக்கையறையில் ஒரு பெரிய பானை பாலும் வாழைப்பழமும் வைக்கப்படுவதாகவும், விடிந்ததும் காலிப் பானையைத் தான் கழுவுவதாகவும் நாவிதன் ஒருவன் வாய்தவறிச் சொல்லிவிடுகிறான். உடனே கதைசொல்லி மங்கராஜுக்கு வக்கீலாகிவிடுகிறார். கண்ணால் கண்ட சாட்சி உண்டா, பாலைக் குடித்தவர் இவர்தான் என்று எப்படிச் சொல்வது என்று வாதாடுகிறார். அவர் வாதாட வாதாட, நாமே நீதிபதியாகித் தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

ஊர்க்குளத்தைப் பற்றிய அத்தியாயமும் அப்படித்தான். நாள் முழுக்கச் சேற்றைக் கிளறி ஒன்றிரண்டு பொடிமீன் பொறுக்கும் கொக்குகள் ஒரு பக்கம். எங்கிருந்தோ வெறும் பையோடு வந்து, வயிறு முட்ட மீனைத் தின்று பறந்துபோகும் மீன்கொத்திகள் இன்னொரு பக்கம். அந்த மீன்கொத்திகள் ஆங்கிலேயர் என்று வெளிப்படையாகவே எழுதுகிறார். காலனி ஆட்சி நடக்கும்போதே எழுதியது இது.

வங்க நாவல்களை மொழிபெயர்ப்பில் படித்தே வளர்ந்த வாசகர்கள் நாம். அதற்கு அடுத்த மாநிலத்தில் இப்படி ஒருவர் இருந்திருக்கிறார். என் எண்ணம் இதுதான்: ஒடியா இலக்கியத்தின் உயிர், நிலம் இழந்தவனோடும் தள்ளி வைக்கப்பட்டவனோடும் நின்று எழுதியதில் இருக்கிறது. படித்தவர்கள் சொல்லுங்கள், சரியா?

தாமரை_வி:
நாவலுக்கு முன்னால் 'ரேவதி' படியுங்கள். 1898-ல் வந்த சிறுகதை, ஒடியாவின் முதல் நவீனச் சிறுகதை என்று அதைத்தான் சொல்கிறார்கள். படிக்க ஆசைப்படும் ஒரு கிராமத்துப் பெண். அப்பாவும் அம்மாவும் சம்மதித்துவிடுகிறார்கள், பாட்டிக்குத்தான் பிடிக்கவில்லை. ஊரில் காலரா வந்து ஒவ்வொருவராகப் போகிறார்கள். எல்லாவற்றுக்கும் காரணம் இவள் புத்தகத்தைத் தொட்டதுதான் என்று பாட்டி திட்டிக்கொண்டே இருக்கிறாள். "ஏ ரேவதி, ஏ நெருப்பே, ஏ அடுப்பே" என்ற அந்த வசவு கதை முழுக்கத் திரும்பத் திரும்ப வரும். பெண் கல்வியை ஆதரித்து எழுதிய கதை, ஆனால் படித்தால் நன்மை உண்டு என்று ஒரு வரி கூட அதில் கிடையாது.

செங்கோடன்:
கருவேலன், நாவலை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால் பாதிதான் புரியும். பகீர் மோகன் பேனா எடுத்த காலத்தில், ஒடியா என்று ஒரு மொழி இருக்கிறதா என்பதே சண்டையாக இருந்தது.

1866-ல் வந்த பெரும் பஞ்சத்தில் ஒடிசாவில் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் செத்தார்கள். மூன்றில் ஒருவர் என்ற கணக்கு வரும். அதே வருடம் கட்டக்கில் கௌரிசங்கர் ராய் 'உத்கள தீபிகா' வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். பஞ்சத்தில் பாதி ஊர் அழிந்த நிலையில், பள்ளிக்கூடத்திலும் கச்சேரியிலும் உட்கார்ந்திருந்த அதிகாரிகளில் பெரும்பாலோர் வங்காளிகள். 1868-ல் வங்க அறிஞர் ராஜேந்திரலால் மித்ரா கட்டக்கில் பேசும்போது, ஒடியாவை விட்டுவிட்டு வங்க மொழியை ஏற்றால்தான் முன்னேற்றம் என்றார். 1870-ல் பாலேஸ்வர் பள்ளிப் பண்டிதர் காந்திசந்திர பட்டாசார்யா, ஒடியா தனிமொழியே அல்ல என்று ஒரு சிறுநூலே போட்டுவிட்டார். பாலேஸ்வரில் அப்போது கலெக்டராக இருந்த ஜான் பீம்ஸ் மொழியியல் படித்தவர். அவர் இதை மறுத்து எழுதினார். பகீர் மோகனும் அவரும் நண்பர்கள்.

பகீர் மோகன் வெறுமனே வாதாடிக்கொண்டிருக்கவில்லை. ஒடியாவில் பாடப் புத்தகமே இல்லை என்றுதானே சொல்கிறீர்கள் என்று, 1868-ல் பாலேஸ்வரில் கூட்டுப் பங்கு சேர்த்து ஒரு அச்சகத்தையே தொடங்கிவிட்டார். பாடநூல் எழுதினார், மகாபாரதமும் ராமாயணமும் மொழிபெயர்த்தார். நாவல் வருவதற்கு அதற்கப்புறம் முப்பது வருடம் ஆயிற்று. ஆகவே அது நிலம் பறிபோன நெசவாளனின் கதை மட்டுமல்ல. தன் மண்ணில் தன் பேச்சுக்கே பட்டா கேட்கப்பட்ட ஒரு சமூகத்தின் கதை.

பஞ்சத்தின் தடம் வெகு தூரம் வந்திருக்கிறது. கட்டக் கவிஞர் ஜயந்த மகாபாத்ரா 2023-ல் காலமானார். அவருடைய தாத்தா இந்தப் பஞ்சத்தில் பசி தாங்காமல் பாதிரிமார்களின் முகாமுக்குப் போய் கிறிஸ்தவரானவர். பேரன் அதைக் கவிதையாக எழுதியிருக்கிறார்.

கருவேலன்:
நீங்கள் சொல்வது நான் சொன்னதற்கு வலுதான் சேர்க்கிறது, செங்கோடன். மொழியும் நிலமும் ஒரே சண்டையாக இருந்த இடம் அது. அவர் குழந்தையாக இருந்தபோது பெயர் ப்ரஜமோகன். பெற்றோர் சீக்கிரமே போய்விட, நோஞ்சானாக இருந்த பிள்ளை பிழைத்தால் பக்கிரியாக விடுகிறேன் என்று பாட்டி பீர்கள் என்ற முஸ்லிம் ஞானியரிடம் வேண்டிக்கொண்டாள். பகீர் மோகன் என்ற பெயர் அப்படித்தான் வந்தது. பள்ளிப் படிப்பு ரொம்பக் குறைவு. வளர்ந்த பிறகு சமஸ்தானங்களில் திவானாக இருந்தவர். ஆகவே ஜமீன் கச்சேரி எப்படி நடக்கும் என்பது உள்ளங்கை நெல்லிக்கனி.

நிலாமதி:
எல்லோரும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே நிற்கிறீர்கள். நானூறு வருடம் பின்னால் போங்கள், சாரளா தாஸ் இருக்கிறார்.

பதினைந்தாம் நூற்றாண்டு, ஒடிசாவை ஆண்ட கஜபதி வம்சத்துக் கபிலேந்திர தேவனின் காலம். இன்றைய ஜகத்சிங்பூர் பக்கத்து உழவர் குடும்பத்தில் பிறந்தவர், ஜங்கட் ஊரின் சாரளா தேவி உபாசகர். தன்னைச் 'சூத்ர முனி' என்றே சொல்லிக்கொண்டவர். ஒடியாவில் முழு மகாபாரதத்தை முதலில் பாடியவர் அவர்தான். வடமொழி வாசனை தெரியாதவன் என்று தன்னைக் குறித்துத் தாழ்வாகப் பேசுவார், ஆனால் வியாசரிடம் இல்லாத எத்தனையோ காட்சிகளைக் கூச்சமே இல்லாமல் உள்ளே கொண்டுவருவார். ஒரே அளவாக வெட்டாத அடிகள். ஒன்று நீளும், அடுத்தது குறுகும். தண்டி விருத்தம் என்பார்கள். ஆள் பேசுவது போலவே ஓடும்.

ஒரு காட்சி சொல்கிறேன். போர் முடிந்துவிட்டது. துரியோதனன் தனியாகத் தப்பி ஓடுகிறான். நடுவே ரத்த ஆறு. கடக்க ஏதாவது பிடிமானம் வேண்டும். மிதக்கும் பிணங்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்க்கிறான். எல்லாம் அவனுக்கு வேண்டியவர்களின் உடல்கள்தான், ஒன்றும் அவன் பாரத்தைத் தாங்காமல் அமிழ்ந்து போகிறது. கடைசியில் ஒரு உடல் தாங்குகிறது. அதைப் பற்றிக்கொண்டே அக்கரை சேர்ந்துவிடுகிறான். இந்த நேரத்தில் என்னைத் தாங்கிய புண்ணியவான் யார் என்று முகத்தைத் திருப்பிப் பார்த்தால், அவன் பெற்ற மகன் லக்ஷ்மண குமாரன். வியாசரில் இந்தக் காட்சி கிடையாது. வில்லன் என்று ஒதுக்கப்பட்ட ஒருவனுக்கு இவ்வளவு பெரிய துக்கத்தைக் கொடுக்க, ஒரு கவிஞனுக்கு எவ்வளவு மனசு வேண்டும்!

நவகுஞ்சரம் என்ற உருவமும் அவர் படைத்ததுதான். சேவல் தலை, மயில் கழுத்து, காளைத் திமில், சிங்க இடை, பாம்பு வால், யானை, புலி, குதிரைக் கால்கள், நான்காவதாக ஒரு மனிதக் கை. அர்ச்சுனன் வில்லை எடுத்துவிடுகிறான். அந்தக் கையிலிருக்கும் தாமரையைப் பார்த்ததும் வில்லைக் கீழே போட்டு விழுந்து வணங்குகிறான். வந்திருப்பது கிருஷ்ணன். பட்டச்சித்திரம் என்ற துணி ஓவியங்களில் இன்றும் இதை வரைகிறார்கள். புரியின் வட்டமான சீட்டாட்டச் சீட்டுகளிலும் பார்க்கலாம்.

பழைய_பேப்பர்:
நிலாமதி குறிப்பிட்ட கபிலேந்திரனின் படை தமிழ்நாட்டுக்குள்ளும் வந்திருக்கிறது. 1464-ல் முன்னூரில் கஜபதி தரப்புக் கல்வெட்டு உண்டு. அந்தப் படையெடுப்பில் பாழாகிப் பூஜை நின்ற கோயில்களைப் பற்றி, பிந்தைய தமிழ்க் கல்வெட்டுகள் 'ஒட்டியன் கலபை' என்று பேசுகின்றன. அவர் மகன் புருஷோத்தமன் காஞ்சி மேல் படையெடுத்த கதை ஒடியாவில் 'காஞ்சி காவேரி' என்ற காவியமாகவே இருக்கிறது. புரி தேர்த் திருவிழாவில் துடைப்பம் பிடிக்கும் அரசனுக்குப் பெண் தர மாட்டேன் என்றாராம் காஞ்சி மன்னர். கறுப்புக் குதிரையிலும் வெள்ளைக் குதிரையிலும் புரிக் கோயில் தெய்வங்களான ஜகந்நாதரும் அண்ணன் பலபத்திரரும் போருக்குப் போகிறார்கள். வழியில் மாணிக்கா என்ற இடைச்சியிடம் தயிர் வாங்கிக் குடித்துவிட்டு, காசுக்குப் பதில் மோதிரத்தைக் கொடுத்துப் போகிறார்கள். நமக்குக் கொள்ளையாகப் பதிவானது அங்கே பக்திக் கதை. இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

புவனேஸ்வரம்_ராதா:
கல்யாணமாகி இங்கே வந்து குடியேறியவள் நான். புத்தகத்தை விட வீடுகளில் கேட்டதுதான் எனக்கு அதிகம். பலராம தாசரின் 'லக்ஷ்மி புராணம்' பற்றிச் சொல்கிறேன். பதினாறாம் நூற்றாண்டு, பஞ்சசகா எனப்படும் ஐந்து பக்திக் கவிஞர்களில் ஒருவர் அவர்.

மார்கசிர மாத (நவம்பர்-டிசம்பர்) வியாழக்கிழமைகளில் ஒடியா வீடுகளில் பெண்கள் விடியற்காலையிலேயே வீட்டை மெழுகி, அரிசி மாவுக் கரைசலால் வாசலிலிருந்து பூஜை இடம் வரை லக்ஷ்மியின் சின்னப் பாதங்களை வரைவார்கள். மாணா என்ற நெல் அளக்கும் படியில் புது நெல்லை நிரப்பி அதையே லக்ஷ்மியாக வைத்து வணங்குவார்கள். அப்புறம் ஒருத்தி உட்கார்ந்து புராணத்தைப் படிப்பாள், மற்றவர்கள் கேட்பார்கள்.

கதை என்ன தெரியுமா? அந்த வியாழனில் ஊர் சுற்றக் கிளம்பும் லக்ஷ்மிக்கு, ஸ்ரீயா என்ற சண்டாளப் பெண்ணின் வீடுதான் சுத்தமாகவும் பக்தியாகவும் இருப்பதாகத் தெரிகிறது. உள்ளே போய்விடுகிறாள். இதைப் பார்த்த பலபத்திரர், தீட்டுப்பட்டவளைக் கோயிலுக்குள் சேர்க்காதே என்று தம்பியிடம் சொல்ல, ஜகந்நாதர் மனைவியை வெளியே அனுப்பிவிடுகிறார். அழுதுகொண்டு போகிறவள் இல்லை இந்த லக்ஷ்மி. பன்னிரண்டு வருடம் உங்களுக்குச் சோறும் இல்லை, தண்ணீரும் இல்லை என்று சொல்லிவிட்டுக் கிளம்புகிறாள். உலகையே ஆளும் இருவரும் பிச்சைக்காரர்களாக அலைகிறார்கள். கடைசியில் அவள் வாசலுக்கே வந்து, அவள் சமைத்த சோற்றைச் சாப்பிடுகிறார்கள். திரும்பி வர அவள் வைக்கும் நிபந்தனை ஒன்றுதான்: சண்டாளரும் பிராமணரும் ஒருவர் கையிலிருந்து ஒருவர் பிரசாதம் வாங்கி உண்ண வேண்டும்.

ஐநூறு வருடமாகப் பெண்கள் இதைப் படித்து வருகிறார்கள், கருவேலன் தம்பி. நீங்கள் சொன்ன 'தள்ளி வைக்கப்பட்டவர்கள்' வரிசையை இங்கேயிருந்து ஆரம்பியுங்கள்.

செங்கோடன்:
அருமையான பதிவு அக்கா. ஒன்றை மட்டும் சேர்க்க வேண்டும். புராணம் படிக்கப்பட்ட அதே ஊரில், கோயிலுக்குள் தலித்துகள் நுழைய முடியாது என்றுதான் நெடுங்காலம் இருந்தது. காந்தி 1934-ல் தன் ஹரிஜன நடைப்பயணத்தைப் புரியிலிருந்துதான் தொடங்கினார், ஆனால் கோயிலுக்குள் போகவில்லை. 1938-ல் கஸ்தூரிபா உள்ளே போய் வந்ததற்கு மிகவும் வருந்தினார். இவ்வளவு கூர்மையான ஒரு பிரதியை வாராவாரம் வாசித்தும் ஒரு சமூகம் மாறாமல் இருக்க முடியும் என்பது எனக்கு ஆறாத வேதனை.

புவனேஸ்வரம்_ராதா:
மறுக்க மாட்டேன். ஆனால் அந்தப் பிரதி கைவசம் இருந்ததால்தான் கேள்வி கேட்கிறவர்களுக்கு ஒரு பிடி கிடைத்தது. ஜகந்நாத தாசரின் பாகவதமும் அப்படித்தான். வடமொழி புரியாத தன் தாய்க்காக ஒன்பது எழுத்து அடிகளில் ஒடியாவில் பாடினார் என்பார்கள். பண்டிதர்கள் அதை 'எண்ணெய்ச் செட்டி பாகவதம்' என்று இகழ்ந்தார்கள். அந்தப் புத்தகத்துக்காகவே ஊர்தோறும் 'பாகவத துங்கி' என்ற குடிசை கட்டினார்கள். சாயங்காலம் விளக்கேற்றி ஒருவர் படிக்க, ஊர் கூடிக் கேட்கும். ஏட்டைப் படிக்க வேண்டும் என்பதற்காகவே எழுத்துக் கற்றுக்கொண்டவர்கள் ஏராளம்.

மலையருவி:
எனக்குக் கருவேலனின் அடிப்படை வாதமே ஒத்துவரவில்லை. இப்படி 'கீழிருந்து வந்ததுதான் உயிர்' என்று ஒரே நூலில் கோர்த்தால், உபேந்திர பஞ்சாவை எங்கே வைப்பீர்கள்? கும்சூர் அரச குடும்பம். பதினேழாம் நூற்றாண்டின் கடைசியிலும் பதினெட்டின் தொடக்கத்திலும் எழுதியவர். 'கவி சாம்ராட்' என்று ஒடியா மக்கள் அவரைத்தான் அழைக்கிறார்கள். அவருடைய 'வைதேஹீச விலாச'த்தில் ராமாயணம் முழுவதும் ஒவ்வோர் அடியும் 'ப' என்ற எழுத்தில்தான் தொடங்கும். அது வித்தை மட்டும் இல்லை. ஒவ்வொரு சந்தத்துக்கும் ராகம் குறிப்பிட்டுப் பாடுவதற்காக எழுதியது. ஒடிசி சங்கீதக் கச்சேரியிலிருந்து பஞ்சாவை எடுத்துவிட்டால் பாதி காலி.

இது புதுச் சண்டையும் இல்லை. 1890-களில் 'இந்திரதனு', 'பிஜுளி' என்று இரண்டு பத்திரிகைகள் இதற்காகவே மோதிக்கொண்டன. ஒன்று பஞ்சாவின் கட்சி, இன்னொன்று 'சிலிகா' எழுதிய ராதாநாத் ராயின் கட்சி. பழைய அலங்காரம் ஆபாசம், செயற்கை என்று ஒரு தரப்பு. இங்கிலீஷ் வாடை என்று மறுதரப்பு.

கருவேலன்:
பஞ்சாவின் திறமையை யாரும் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் எனக்கு அந்தப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இன்னொரு குரல் பெரிதாகக் கேட்கிறது: பீம போய். கோந்தர் சமூகத்தில் பிறந்து, மாடு மேய்த்து வளர்ந்தவர். பார்வையற்றவர் என்பது மரபு. மஹிமா தர்மத்தில் சேர்ந்து, உருவ வழிபாடும் சாதியும் வேண்டாம் என்று பாடினார். என் உயிர் நரகத்தில் கிடந்தாலும் கிடக்கட்டும், உலகம் கரையேறட்டும் என்று பாடியவர் அவர். பல மேடைகளில் இந்த வரியை எடுத்துப் போடுவார்கள். பாடியவர் வாழ்க்கையோடு சேர்த்துப் படிக்கும்போதுதான் அதன் கனம் தெரிகிறது.

தாமரை_வி:
கோபிநாத் மொஹந்தியை இன்னும் யாரும் தொடவில்லையே? 1945-ல் வந்த 'பரஜா', கோராபுட் மலைக்கதை. சுக்ரு ஜானி, இரண்டு மகன்கள், இரண்டு மகள்கள். கூழுக்கும் குடிசைக்கும் குறையில்லாத வாழ்க்கை. காட்டிலாகா ஆள் ஒருவன் மூத்த பெண்ணின் மேல் கண் வைக்கிறான், அது நடக்காமல் போகவும், மரம் வெட்டினாய் என்று வழக்கு, அபராதம். அபராதம் கட்ட சாகுக்காரன் என்ற வட்டிக்காரனிடம் கடன். கடனுக்காகக் 'கோத்தி' என்ற கொத்தடிமை. பிறகு மகன்களும் அதே குழியில். நிலமும் போகிறது. கடைசியில் சாகுக்காரனைக் கோடாலியால் வெட்டிச் சாய்த்துவிட்டு, அவர்களே போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்து போய்த் தண்டனை கேட்கிறார்கள். 'ச மாண ஆட்ட குண்ட'வை அடுத்து இதைப் படித்தால், நிலம் பறிக்கும் முறை அரை நூற்றாண்டில் கொஞ்சம் கூட மாறவில்லை என்பது முகத்தில் அறையும்.

1955-ல் சாகித்ய அகாதெமி விருது பெற்றது அவருடைய 'அம்ருதர சந்தான'. 1973-ம் ஆண்டுக்கான ஞானபீடம் 'மாட்டி மட்டாள'வுக்காக. ஒடியாவில் முதல் ஞானபீடம் அதுதான்.

மலையருவி:
மொஹந்தி அரசு அதிகாரி. மலைமக்களின் கதையை அவர்கள் மேல் அதிகாரம் செலுத்திய ஒருவர் எழுதுவதை 'கீழிருந்து வந்த குரல்' என்று சொல்ல முடியுமா? அந்த ஆட்டமும் பாட்டும் கள்ளும் காதலும் சில பக்கங்களில் வெளியாள் வியந்து பார்ப்பது போலவே எனக்குப் படுகிறது.

தாமரை_வி:
வெளியாள்தான். ஆனால் அவர் மொழியைக் கற்று, அவர்களோடு பழகி எழுதியவர். சாகுக்காரன் பக்கமா சுக்ரு பக்கமா என்று வரும்போது ஒரு வரியில் கூட அவர் தடுமாறவில்லை. அதிகாரியாக இருந்ததால்தான் அபராத ரசீதிலிருந்து கோர்ட் வாய்தா வரை எல்லாம் இவ்வளவு துல்லியமாக வந்திருக்கிறது. பிரதிபா ராய் கூட போண்டா பழங்குடி மக்களிடையே ஆய்வு செய்துவிட்டுத்தான் 'ஆதிபூமி' எழுதினார். 2011-ம் ஆண்டு ஞானபீடம் பெற்றவர். 1999 பெரும்புயலைப் பற்றி 'மக்னமாட்டி' எழுதியவரும் அவர்தான். அவருடைய 'யாக்ஞசேனி'யை மட்டும் எல்லோரும் படித்துவிட்டு நிறுத்திக்கொள்வது எனக்கு வருத்தம். அவருக்கு முன்னாலேயே குந்தளா குமாரி சாபத் இருக்கிறார். டாக்டர், கவிஞர், நாவலாசிரியர், விடுதலைப் போராட்டக்காரர். 1938-ல், நாற்பது வயதுகூட ஆகாமல் போய்ச் சேர்ந்தார்.

பழைய_பேப்பர்:
நமக்குப் பக்கத்திலேயே இருந்த ஒருவரை மறந்துவிட வேண்டாம். மனோஜ் தாஸ் 1963-லிருந்து புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தில் வாழ்ந்தவர், அங்கேயே பாடம் நடத்தியவர், 2021 ஏப்ரலில் அங்கேயே காலமானார். பாலேஸ்வர் கடலோரத்துச் சங்காரி கிராமத்தில் பிறந்தவர். சின்ன வயதில் 1942 புயலையும் அதைத் தொடர்ந்த பஞ்சத்தையும் கண்ணால் பார்த்தவர். இளமையில் இடதுசாரி மாணவர் தலைவர். ஒடியாவிலும் ஆங்கிலத்திலும் சமமாக எழுதினார். ஜமீன் ஒழிந்த பிறகு இற்றுப்போன மாளிகைகளில் வாழும் மனிதர்களை அவரைப் போல் கனிவோடு எழுதியவர்கள் குறைவு. அரை நூற்றாண்டுக்கு மேல் புதுச்சேரியில் இருந்தும் தமிழ்ச் சிற்றிதழ்களில் அவரைப் பற்றி நான் படித்தது ஒன்றிரண்டுதான்.

மலையருவி:
ஆமாம், அவரை நாம் தவறவிட்டது பெரிய குறை. பஞ்சாவும் நமக்கு அவ்வளவு தூரத்து ஆள் இல்லை. அவர் பிறந்த கும்சூர் இருக்கும் கஞ்சம் மாவட்டம் 1936 ஏப்ரல் 1-ல் ஒடிசா தனி மாகாணமாகும் வரை சென்னை மாகாணத்தில்தான் இருந்தது. ஆனால் கருவேலன், நீங்கள் இன்னும் எனக்குப் பதில் சொல்லவில்லை. அரச குடும்பத்தில் பிறந்தார் என்பதாலேயே பஞ்சா மேட்டுக்குடிக்கு மட்டும் என்று ஆகிவிடுமா? எழுதப் படிக்கத் தெரியாத ஜனங்கள் எப்படி அவரை இருநூறு வருடம் மனப்பாடமாக வைத்திருந்தார்கள்?

புவனேஸ்வரம்_ராதா:
இதற்கு நான் பதில் சொல்கிறேன், 'பாலா' பார்த்தவள் என்பதால். இரவெல்லாம் நடக்கும் கிராமத்துக் கூத்து அது. நடுவில் காயகர், அதாவது தலைமைப் பாடகர், கையில் சாமரத்தோடு நிற்பார். பக்கத்தில் மிருதங்கம், பின்பாட்டுக்காரர்கள் கையில் தாளம். சத்யபீர் பூஜையோடு சேர்ந்த கலை, இந்துவும் முஸ்லிமும் கும்பிடும் சாமி. காயகர் பஞ்சாவின் ஒரு செய்யுளை எடுப்பார், சொல் சொல்லாக உடைப்பார், ஒரே அடியிலிருந்து மூன்று பொருள் எடுத்துக் காட்டுவார், நடுநடுவே உள்ளூர்ச் சமாச்சாரமும் கலந்துவிடும். 'வாதி பாலா' என்றால் இரண்டு குழுக்களுக்குள் போட்டி. ஒருவர் விடுகதை போல ஒரு செய்யுளைப் போடுவார், மற்றவர் பொருள் சொல்லியாக வேண்டும். சொல்ல முடியாமல் தடுமாறினால், வயலிலிருந்து வந்து தரையில் உட்கார்ந்திருக்கும் கிழவர்கள் எழுந்து விடையைச் சொல்லிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அடுத்த குளிர்காலத்தில் யாராவது இந்தப் பக்கம் வருவதாக இருந்தால் முன்கூட்டியே தனிமடலில் சொல்லுங்கள், கஞ்சம் பக்கம் எந்த ஊரில் நடக்கிறது என்று விசாரித்து வைக்கிறேன்.